இரவில் டிரெய்லரின் முதுகு

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் சாப்பாட்டுக் கடைகள் அடுப்பை அணைத்து, பூக்கடைகள் மிச்சப் பூவை ஈரத்துணியில் சுற்றி வைத்த பிறகுதான் அங்கு வேலை பார்க்கும் பலருக்கு வீட்டுப் பயணம் தொடங்குகிறது. வீடு ஷா ஆலாமில் இருக்கும், கிள்ளானில் இருக்கும், அதையும் தாண்டிக் காப்பாரில் இருக்கும். மோட்டார்சைக்கிளை எடுத்தால் பங்சார் வழியாகக் கூட்டரசு நெடுஞ்சாலை. கிள்ளான்வரை போகிறவருக்கு முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டம். சாலையின் அந்தக் கோடியில் துறைமுகம். 1973இல் அங்கே கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகள் நாற்பதடிப் பெட்டிகள் போய்வரும் சாலைகளாகிவிட்டன. நெரிசல் தணிந்த இரவில் அந்த டிரெய்லர்களும், நாள் முழுக்க நின்று வேலை செய்து களைத்தவர்களும் ஒரே சாலையில்.

டிரெய்லரின் பின்புறத்தில் மோதி மோட்டார்சைக்கிளோட்டி பலி என்ற செய்தியை நாளிதழில் படித்துப் படித்துப் பழகிவிட்டோம். வேகம், தூக்கக் கலக்கம், கவனக்குறைவு என்று காரணமும் உடனே கிடைத்துவிடுகிறது. அவை பொய்க்காரணங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த டிரெய்லரின் பின்னால் எத்தனை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எவ்வளவு பிரகாசமாக எரிந்தது, எங்கே பொருத்தப்பட்டிருந்தது என்பதை நாம் கேட்பதே இல்லை. இரண்டு விளக்குக்குப் பதில் ஒன்று எரிந்தால் பாதி ஆபத்து என்றுதான் பலர் நினைக்கிறோம். நம் கண் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை.

இருட்டில் தொலைவை அளக்கக் கண்ணிடம் நேரடிக் கருவி எதுவும் இல்லை. இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் கிடைக்கும் ஆழ உணர்வு சில பத்து மீட்டருக்கு மேல் பெரிதாக உதவாது. பகலில் மரம், கம்பம், சாலைக்கோடு என்று சுற்றியிருப்பவற்றை வைத்துத் தொலைவைக் கணிக்கிறோம். இரவில் அவை எல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் சிவப்புப் புள்ளிகள்தான் மிஞ்சுகின்றன. முன்னால் போகும் வண்டியை நாம் நெருங்குகிறோமா என்பதை மூளை பெரும்பாலும் ஒரே ஒரு தடயத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது: அந்த உருவம் கண்ணுக்குள் விரிகிறதா? இரண்டு சிவப்பு விளக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அகலமாகிக்கொண்டே வந்தால் நெருங்குகிறோம். அகலவில்லையென்றால் இருவரும் ஒரே வேகத்தில் போகிறோம்.

இந்த விரிதலுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. அதற்குக் கீழே போனால் கண்ணுக்கு அது தெரிவதில்லை. பார்வை ஆய்வாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு விநாடிக்கு 0.003 ரேடியன், அதாவது ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு. முழுநிலா வானத்தில் அரைப் பாகை அகலம் தெரியும். எனவே ஒரு விநாடியில் நிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது விரிந்தால்தான் ‘நெருங்குகிறேன்’ என்ற உணர்வே நமக்கு எழும். விரியும் வேகத்தைக் கணக்கிடுவது எளிது: விளக்குகளின் இடைவெளியை நெருங்கும் வேகத்தால் பெருக்கி, தொலைவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்.

இப்போது சாலைக்கு வருவோம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு முன்னால், சுமையோடு மேடேறும் டிரெய்லர் ஒன்று 40இல் ஊர்கிறது. நெருங்கும் வேகம் மணிக்கு 70, விநாடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர். பின்விளக்குகள் இரண்டும் 2 மீட்டர் இடைவெளியில் எரிந்தால், சுமார் 114 மீட்டர் தொலைவிலேயே அந்த விரிதல் காரோட்டியின் கண்ணுக்கு உறைக்கத் தொடங்கும். சுதாரித்து பிரேக் பிடிக்க ஒன்றரை விநாடி என்று வைத்தாலும், மோதாமல் வேகத்தைக் குறைக்க அவருக்கு 60 மீட்டர் போதும். தப்பிவிடுவார்.

ஒரு விளக்கு அணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி என்ற ஒன்றே இப்போது இல்லை. விரியக்கூடியது அந்த ஒற்றை விளக்கின் வட்டம் மட்டும்தான். அதன் குறுக்களவு 10 சென்டிமீட்டர் என்றால், விரிதல் கண்ணுக்குத் தெரிய டிரெய்லர் 25 மீட்டர் தொலைவுக்கு வரவேண்டும். மிச்சம் இருப்பது ஒன்றேகால் விநாடி. பிரேக் மிதியின்மேல் கால் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

டிரெய்லர் நின்றுகொண்டிருந்தால் இன்னும் மோசம். 110இல் போகும் கார் முழுவதும் நிற்க, காய்ந்த சாலையில் ஏறத்தாழ 113 மீட்டர் வேண்டும். இரண்டு விளக்கும் எரிந்தால் 143 மீட்டரில் விரிதல் தெரியும்; மயிரிழையில் பிழைக்கலாம். மழை பெய்து சாலை வழுக்கினால் அதுவும் பற்றாது. ஒரே விளக்கு என்றால் 32 மீட்டர், ஒரு விநாடி. விழிப்போடு இருக்கும் ஒருவரின் கண்ணுக்கே இந்தக் கணக்கு. பதினான்கு மணி நேரம் வேலை செய்த கண்ணுக்கு எவ்வளவு என்பதை யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள். அவ்வளவு மோட்டார்சைக்கிள்கள் சாலையில் இருப்பதால், இருட்டில் ஒற்றைச் சிவப்பு விளக்கு தெரிந்தால் நம் மூளை தயங்காமல் அதை மோட்டார்சைக்கிள் என்று முடிவு கட்டிவிடுகிறது. மோட்டார்சைக்கிள் என்றால் ஒல்லியானது, நம் வேகத்திலேயே போகும், பக்கத்தில் ஒதுங்கிக் கடந்துவிடலாம். டிரெய்லரின் வலப்பக்க விளக்கு அணைந்து இடப்பக்க விளக்கு மட்டும் எரிந்தால், பின்னால் வருபவர் அந்த ‘மோட்டார்சைக்கிளை’ முந்த வலப்பக்கம் ஒதுங்குவார். அங்கேதான் இரண்டரை மீட்டர் அகலமுள்ள இரும்பு இருக்கிறது. விளக்கே இல்லாத வண்டி எதையும் சொல்வதில்லை. ஒற்றை விளக்கு வண்டி தவறாகச் சொல்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார்சைக்கிளுக்குத் தனித்தடம் போட்டார்கள். உலகில் இத்தகைய முதல் தடம் என்று சாலைப் பொறியாளர்கள் குறிப்பிடுவது அதைத்தான். அந்தத் தடத்துக்குள் இருக்கும்வரை இந்த ஆபத்து இல்லை. தடம் முடியும் இடத்திலும், தடமே இல்லாத மற்றச் சாலைகளிலும் மோட்டார்சைக்கிள் இடது ஓரத்தில்தான் போகிறது. மெதுவாக ஊரும் டிரெய்லரும், பழுதாகி ஒதுங்கிய டிரெய்லரும் இருப்பதும் அதே இடது ஓரத்தில்தான்.

பின்விளக்கு பற்றிய விதிகளை இந்தக் கண்ணோடு படித்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் புரியும். ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளில் 48ஆவது, விளக்குகளை எங்கே பொருத்துவது என்பதற்கானது. பின்விளக்கு வண்டியின் வெளிவிளிம்பிலிருந்து 400 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கிறது. விளக்குகள் நடுப்பக்கம் நகர நகர வண்டி ஒல்லியாகவும் தொலைவிலும் தெரியும் என்பதால்தான் இந்தக் கறார். 2.1 மீட்டருக்கு மேல் அகலமான வண்டிக்கு, மேல் மூலைகளில் கூடுதல் விளக்குகள் வேண்டும். அவை வண்டியின் முழு அகலத்தையும் பருமனையும் காட்ட. 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம், தெளிந்த இரவில் பின்விளக்கு 300 மீட்டரிலிருந்து தெரியவேண்டும் என்கிறது. டிரெய்லருக்கு மட்டும் முக்கோணப் பிரதிபலிப்பான் கேட்பதும் அதே ஒப்பந்தம்தான்: கூர்முனை மேலே, பக்கம் 15 முதல் 20 சென்டிமீட்டர். அந்த முக்கோணத்தைக் கண்டால் முன்னால் போவது இழுத்துச் செல்லப்படும் வண்டி, நீளமானது, மெதுவாகத் திரும்பும் என்று பின்னால் வருபவர் புரிந்துகொள்ள வேண்டும். அதன் பொருள் தெரிந்த ஓட்டுநர்கள் நம்மிடையே எத்தனை பேர் இருப்பார்கள்? ஓட்டுநர் பயிற்சி வகுப்பில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினாலே போதும்.

மலேசியாவில் அடிப்படைச் சட்டம் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். வண்டியின் கட்டமைப்பு பற்றிய விதிகள் 1959ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. 2006இல் மலேசியா ஐ.நா.வின் வாகன விதி ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நமக்குக் கிடைத்த எண் 52. அடுத்தமுறை ஒரு டிரெய்லர் நின்றிருக்கும்போது அதன் பின்விளக்குக் கண்ணாடியை உற்றுப் பாருங்கள். சிறிய வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து, 52 என்றால் மலேசியா அங்கீகாரம் கொடுத்தது. முக்கோணப் பிரதிபலிப்பானில் ரோமன் எண் மூன்றும் ‘ஏ’ எழுத்தும் சேர்ந்திருக்கும்; டிரெய்லருக்கென்று சோதித்த வகை அது. இந்த எழுத்து எதுவும் இல்லாத, சிவப்பு பிளாஸ்டிக் மட்டுமேயான மலிவு விளக்குகளும் சந்தையில் கிடைக்கின்றன. பகலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சரியான விளக்கை வாங்கிப் பொருத்தினாலும் அது எரியவேண்டுமே. முன்னால் இழுத்துச் செல்லும் பிரைம் மூவரையும் டிரெய்லரையும் இணைக்கும் சுருள் வயரின் நுனியில் ஏழு முள் கொண்ட பிளக் இருக்கிறது. 24 வோல்ட் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. இடப்பக்க விளக்குக்கு ஒரு முள், வலப்பக்கத்துக்கு ஒன்று, சிக்னலுக்கு இரண்டு, பிரேக் விளக்குக்கு ஒன்று என்று தனித்தனி வழி. ஆனால் எல்லா மின்சாரமும் திரும்பி வருவதற்கு ‘எர்த்’ என்ற ஒரே ஒரு முள். ஒவ்வொரு நாளும் கழற்றி மாட்டுகிறார்கள். கிள்ளானின் உப்புக்காற்றும் மழையும் சேர்ந்து செம்பில் பச்சை பூக்கவைக்கின்றன. எர்த் முள் பாதி அரித்துப்போனால், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் மற்ற பல்புகளின் ஊடாக வழி தேடும். பிரேக்கை மிதித்தால் சிக்னல் மங்கலாக மினுக்கும். சிக்னல் போட்டால் பின்விளக்குகளும் கூடவே துடிக்கும். பின்னால் வருபவருக்கு அது எந்த மொழியிலும் புரியாது.

முழுவதும் அணைந்துபோகாமல், வோல்ட் மட்டும் குறையும்போது இன்னும் நுட்பமான ஏமாற்று நடக்கிறது. இழை பல்பின் ஒளி, வோல்ட் குறையும் விகிதத்தைவிடப் பலமடங்கு வேகமாகக் குறையும். ஏறத்தாழ வோல்ட்டின் 3.4ஆம் அடுக்காக. 24 வோல்ட் வேண்டிய பல்புக்கு 20தான் கிடைத்தால் ஒளி பாதியாகிவிடும். விளக்கின் பிரகாசம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், பாதியாக மங்கிய விளக்கு 100 மீட்டரில் இருந்தாலும் 140 மீட்டரில் இருக்கும் நல்ல விளக்கைப் போலத் தோன்றும். கண்ணாடிமேல் படிந்த டீசல் கரியும் செம்மண் சேறும் செய்வது இதையேதான். அழுக்கான விளக்கு வண்டியை இருக்கும் இடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளிக் காட்டுகிறது.

எல்.இ.டி. விளக்குகள் வந்தபிறகு இந்தக் குறை ஓரளவு தணிந்திருக்கிறது. அவற்றுள் இருக்கும் மின்சுற்று வோல்ட் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். பிரேக் விளக்காக எரியும்போது இழை பல்பைவிட ஏறத்தாழ 0.2 விநாடி முந்திக்கொள்ளும். 110 கிலோமீட்டர் வேகத்தில் அது 6 மீட்டர், ஒரு காரின் நீளத்துக்கும் மேல். ஆனால் அதே எல்.இ.டி. மலிவானதும் லோரிகளின் பின்னால் நீலமும் பச்சையும் வெள்ளையுமாக அலங்காரம் பெருகிவிட்டது. பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை என்பது சாலை முழுவதற்கும் பொதுவான மொழி. பின்பக்கம் வெள்ளை எரிந்தால் வண்டி பின்னோக்கி வருகிறது அல்லது எதிரே வருகிறது என்று பொருள். அழகுக்காக அந்த மொழியைக் குழப்புவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

மின்சாரமே இல்லாமல் வேலை செய்வது பிரதிபலிப்புப் பட்டை. இதில் இருக்கும் வடிவியல் எனக்கு எப்போதும் வியப்பு. சாதாரணக் கண்ணாடியின்மேல் சாய்வாக ஒளி பட்டால் அது வேறு பக்கம் போய்விடும். மூன்று கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, அறையின் மூலையைப் போலச் சேர்த்து வைத்தால், உள்ளே நுழையும் கதிர் ஒவ்வொரு முகத்திலும் பட்டு ஒவ்வொரு திசையில் திருப்பப்படும். மூன்று திருப்பமும் முடிந்ததும் கதிர் வந்த திசையை நோக்கியே திரும்பிப் போகும், எந்தக் கோணத்திலிருந்து வந்திருந்தாலும். 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலாவில் விட்டுவந்த தட்டில் இத்தகைய மூலைக்கண்ணாடிகள் 100 இருந்தன. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் அவற்றில் பட்டுத் திரும்புவதை வைத்துத்தான் நிலாவின் தொலைவை இன்றும் அளக்கிறார்கள். டிரெய்லரில் ஒட்டும் நல்ல பட்டைக்குள் இருப்பதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய அதே மூலைகள்தான்.

பட்டையால் பயன் உண்டா என்பதை அமெரிக்கா அளந்து பார்த்திருக்கிறது. 1993 டிசம்பர் முதல் அங்கே புதிய கனரக டிரெய்லர்களுக்குச் சிவப்பு வெள்ளைப் பட்டை கட்டாயமானது. 2001இல் வெளியான அரசு ஆய்வு, இருட்டில் டிரெய்லரின் பக்கத்திலும் பின்னாலும் மோதும் விபத்துகள் பட்டையால் 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. சாலை விளக்கு இல்லாத இடங்களில் குறைவு 41 விழுக்காடு. ஐரோப்பாவில் 2011இலிருந்து புதிய கனரக வண்டிகளின் பின்புற விளிம்பு முழுவதையும் பட்டையால் வரைந்து காட்டவேண்டும். பின்னால் வருபவர் தொலைவில் ஒரு பெட்டியின் முழு வடிவத்தையே பார்த்துவிடுகிறார். விரிதலைக் கணிக்கக் கண்ணுக்கு அகலமும் உயரமும் கிடைத்துவிடுகின்றன. ஒரு சுருள் பட்டைக்கு இவ்வளவு உயிர்களைக் காக்கும் வல்லமை இருக்கும்போது அதைச் செலவு என்று தள்ளிப்போட யாருக்கும் மனம் வரக்கூடாது.

ஆனால் துறைமுக டிரெய்லரில் வடிவம் வரைவது எளிதல்ல. பெட்டி கப்பல் நிறுவனத்துடையது, டிரெய்லர் வேறொருவருடையது. இன்று இந்தப் பெட்டி, நாளை வேறு பெட்டி. எனவே பட்டை ஒட்ட டிரெய்லர்காரருக்குக் கிடைப்பது கீழே இருக்கும் குறுக்குச் சட்டம் மட்டும். மேலே இருட்டில் நிற்கும் பெட்டி தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒன்பதரை அடி உயரப் பெட்டிகளின் மேல் மூலையில் மஞ்சள் கறுப்புக் கோடுகள் இருக்கும். அவை உயரத்தை எச்சரிப்பவை, இரவில் பின்னால் வருபவருக்கு உதவாதவை. பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும் வெற்று டிரெய்லர் இன்னும் அபாயம். எலும்புக்கூடு போன்ற இரண்டு நீள உத்திரங்கள், இடையே காற்று. காரின் முகப்பு விளக்கொளி அதன் ஊடாகவே போய்விடும். அந்த உத்திரங்கள் இருக்கும் உயரமோ காரோட்டியின் முகத்துக்கு நேர். நடிகை ஜேன் மான்ஸ்ஃபீல்ட் 1967 ஜூனில் இப்படி டிரெய்லருக்கு அடியில் நுழைந்த காரில்தான் இறந்தார். பின்னால் தாழ்வாகப் பொருத்தும் தடுப்புச் சட்டத்தை அமெரிக்கர்கள் இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள்.

இன்னொரு நிலைமையைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. பாண்டமாரான், தெலுக் கோங் பக்கம் பிரைம் மூவர் டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டுப் போய்விடும். பிறகு வேறொரு பிரைம் மூவர் வந்து இழுத்துப் போகும். இடையில் அது சாலையோரம் நின்றால் அதற்கு மின்சாரமே கிடையாது. பின்விளக்கும் இல்லை, அபாய விளக்கும் இல்லை. அந்த இரவு முழுவதும் அதற்காகப் பேசக்கூடியது முக்கோணமும் பட்டையும்தான். இழுப்பவர் மாறிக்கொண்டே இருப்பதால் பின்விளக்குக்குப் பொறுப்பானவர் யார் என்பதும் கரைந்துபோகிறது. ஓட்டுநரின் இருக்கைக்கு 15 மீட்டர் பின்னால் அணைந்த பல்பு அவர் கண்ணில் படாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் வாகனச் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். இரண்டு சோதனைக்கு நடுவே இருப்பவை ஆறு மாத மழையும் சேறும். எனவே டிரெய்லரை மாட்டும் ஓட்டுநர் எவரோ, அந்த இரவுக்கு அதன் முதுகு அவருடையது என்று நிறுவனங்கள் வகுக்கவேண்டும். பல்பு மாற்ற ஆகும் பத்து நிமிடத்தைத் தாமதம் என்று கணக்கில் எழுதக்கூடாது.

சோதிப்பதற்குப் பட்டறை தேவையில்லை. இருட்டியபின் டிரெய்லரின் பின்புறம் சுவரைப் பார்க்க நிறுத்தி பிரேக்கை மிதித்தால், சுவரில் இரண்டு சிவப்பு ஒளியும் சமமாக விழுகின்றனவா என்று பக்கக் கண்ணாடிகளிலேயே தெரியும். பட்டையை முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு முப்பது அடி தள்ளி நின்று டார்ச்சை நெற்றிப்பொட்டில், கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். இடுப்பருகே பிடித்தால் சரியாகத் தெரியாது. பட்டை ஒளியை வந்த இடத்துக்கே அனுப்புவதால், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணுக்குத்தான் முழுப் பிரகாசம் கிடைக்கும். முகப்பு விளக்குக்கு வெகு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் லோரி ஓட்டுநருக்கு அதே பட்டை மங்கலாகத் தெரிவதும் இதனால்தான். தன் கண்ணுக்கே மங்கலாகத் தெரிவதால் பட்டை செத்துவிட்டது என்று அவர் முடிவு செய்துவிடக்கூடாது, தெரிகிறதே என்று விட்டுவிடவும் கூடாது. டார்ச் வெளிச்சத்தில் எந்தத் துண்டு கறுப்பாகவே கிடக்கிறதோ, அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சட்டத்தை உப்பும் எண்ணெயும் போகக் கழுவி, முழுவதும் உலர்ந்தபிறகு புதிய துண்டை ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டிய பட்டை அடுத்த மழையில் உரிந்துவிடும்.